கடத்தலும் கடத்துதலும்

உயிரணுவைச் சூழ்ந்த படலத்தின் வழியே பொருள்கள் புகுதலையும் வெளிப்படுதலையும் குறிக்க, அறிவியல் நூல்கள் ‘கடத்தல்’ என்னும் சொல்லைப் பெரிதும் ஆள்கின்றன. இச்சொல் இரு பகுதிகளின் வழிப் பிறக்கும். ‘கட’ என்பது பகுதியாயின் பொருள் தானே செல்வதைக் குறிக்கும். ‘கடத்து’ என்பது பகுதியாயின் பிறிதொன்று அதனைச் செலுத்துவதைக் குறிக்கும். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

படலம் ஈரடுக்குக் கொழுப்பால் ஆயது என்பதைக் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டில் செங்குருதியணுக்களைக் கொண்டு காட்டினர். உயிர்வளியும் கரியமிலவாயுவும் செறிவு மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்கு இக்கொழுப்பினூடே தாமே கடக்கும். நீர் விரைந்து செல்லுதற்குப் புரத வாயில்கள் உண்டு. அவற்றின் தொழிலைப் பீட்டர் ஆகர் குழுவினர் 1992-இல் நிறுவினர். வாயில் இருப்பினும் உந்துவது ஒன்றின்மையின் இதுவும் தன்வினையே.

சோடியத்தின் நிலை வேறு. அஃது உயிரணுவின் உள்ளே குறைந்தும் புறத்தே மிகுந்தும் இருப்பது தானே அமைவதன்று. டென்மார்க்கு அறிஞர் இயென்சு சுகோ 1957-இல் அறிவித்த நொதி, ஆற்றலைச் செலவிட்டு 3 சோடிய அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசிய அயனிகளை உட்செலுத்துகின்றது. இது பிறவினை.

இவ்விரு வினைகளும் குடற்சுவரில் ஒருங்கே நிகழ்கின்றன. உயிரணுவினுள் சோடியம் குறைந்திருத்தலின், குடலில் உள்ள சோடியம் உட்புகும்; புகுங்கால் குளுக்கோசையும் உடன்கொண்டு செல்லும். இதனை இராபர்ட் கிரேன் 1960-இல் எடுத்துரைத்தார். மூன்றாம் வேற்றுமை ‘ஒடு’ உருபின் உடனிகழ்ச்சிப் பொருள் இதற்கு முற்றும் பொருந்தும். அவ்விரண்டையும் நீர் பின்தொடரும். காலரா நோயிலும் இவ்வழி அடைபடுவதில்லை.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையில் அமைந்த போங்காவ் ஏதிலியர் முகாமில், உப்பும் குளுக்கோசும் அளவாகக் கலந்த நீரை மருத்துவர் திலீப் மகலனோபிசு பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த இறப்பு 4-க்கும் கீழாகக் குறைந்தது.

எல்லாவற்றையும் ஒரே சொல்லால் குறிப்பின், அந்நீரில் குளுக்கோசு சுவைக்காகச் சேர்ந்தது என்றே மாணவர் கருதக்கூடும். ஆதலின் தானே செல்வதைக் ‘கடத்தல்’ என்றும், செலுத்தப்படுவதைக் ‘கடத்துதல்’ என்றும், ஒன்றோடு ஒன்று செலுத்தப்படுவதை ‘உடன்கடத்துதல்’ என்றும் வரையறுத்து வழங்குதல் தகும் என்பது எம் கருத்து.