மால்வண் கரையில் ஐந்து நாட்கள்

மும்பையில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்: ஊருக்குப் போதல். பள்ளிகள் மூடுவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே புகைவண்டியில் இடம் பதிவு செய்துவிடுகிறோம். ஊரில் ஒரு திருமணம் காத்திருக்கும். ஒரு துக்க வீட்டில் தலைகாட்ட வேண்டியிருக்கும். கோயிற்கொடையோ மாதா திருவிழாவோ வந்திருக்கும். பாகம் பிரியாத வீட்டைப் பற்றிய பேச்சும் இடையே எழும். யாவும் முடிந்து மீண்டும் வண்டி ஏறும்போது, வந்த அன்று இருந்ததைவிட மிகுந்த களைப்புடன் ஏறுகிறோம். நாங்களும் அவ்வாறே முப்பது ஆண்டுகளைக் கழித்தோம்.

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த பின், வேலை ஏதும் நமக்காகக் காத்திராத ஓர் ஊருக்கு முதன்முறையாக நாங்கள் இருவர் மட்டும் சென்று ஐந்து நாட்கள் தங்கினோம். மராட்டிய மாநிலத்தின் தென்கோடியில், சிந்துதுர்க் மாவட்டத்தில் உள்ள மால்வண் என்னும் மீன்பிடித் துறையே அவ்வூர். செய்தி அறிந்த உறவினர் ஒருவர், "கடலோரத்தில் பிறந்துவிட்டுக் கடலைப் பார்க்கக் காசு செலவழித்துப் போகிறீர்களே!" என்று நகைத்தார். கேள்வி நியாயமானதுதான். எங்கள் இருவருடைய ஊர்களும் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சிற்றூர்களே. ஆனால் அங்கே நாங்கள் மகன், மருமகள், அண்ணன், அத்தை. அந்தக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதேனும் வெறுமனே உட்கார்ந்திருந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

செல்லும் வழி

முன்னாளில் மும்பையிலிருந்து கொங்கணக் கரைக்குச் செல்வோர் நீராவிக் கப்பலில் சென்றனர். மலையும் பள்ளத்தாக்கும் ஆறுகளும் மாறி மாறி வரும் அந்நிலத்தில் இருப்புப் பாதை அமைப்பது எளிதாக இல்லை. 90-க்கு மேற்பட்ட சுரங்கங்களைக் குடைந்து அமைத்த கொங்கண் இரயில் பாதை, 1998 ஜனவரியில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. இப்போது இரவில் மும்பையில் ஏறினால், மறுநாட் காலையில் குடாள் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மால்வண் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். முந்திரியும் மாவும் தென்னையும், செம்புரைக் கல்லால் எழுப்பிய ஓட்டு வீடுகளும் வழியெங்கும் உடன் வருகின்றன.

பெரிய விடுதிகளை நாடாமல், ஒரு மீனவர் வீட்டின் பக்கத்து அறையில் தங்கினோம். இவ்வகை வீடுகளின் வாயிலில் 'நிவாஸ், ந்யாஹாரி' என்று பலகை தொங்கும். தங்க இடமும் காலைச் சிற்றுண்டியும் கிடைக்கும் என்பது அதன் பொருள். வீட்டு மூதாட்டியை நாங்கள் 'ஆஜி' என்று அழைத்தோம். அவர் எங்களை 'பாவூ' என்றும் 'வஹினி' என்றும் அழைத்தார். முப்பது ஆண்டு மும்பை வாழ்க்கை தந்த மராட்டியை வைத்துக்கொண்டு அவருடைய மால்வணி வழக்கில் பாதியைப் புரிந்துகொண்டோம். மீதியை அவர் கைகளால் விளக்கினார்.

முதல் நாள் எங்களுக்கு ஓய்வெடுக்கவே தெரியவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்ற பதைப்பில் எழுந்து குடத்தைத் தேடினோம். பிறகுதான் இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து நகைத்துவிட்டு இருளிலேயே கரைக்கு நடந்தோம். பகலில் மூன்று முறை, 'அடுத்து என்ன செய்வது?' என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். மாலையில் அக்கேள்வி மெல்ல ஓய்ந்தது. எங்கள் ஊரில் கதிரவன் கடலில் எழுவான். இங்கே கடலில் மறைகிறான். எங்கள் கரையில் ஏற்றமும் வற்றமும் சிறிதளவே. இங்கே நீர் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. காலையில் மிதந்த படகு மாலையில் மணலில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபடியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேசியது குறைவு. ஆயினும் பிள்ளைகளின் படிப்பையும் கடன் தவணையையும் தவிர்த்து நாங்கள் பேசிய முதல் மாலை அதுவென்றே சொல்ல வேண்டும்.

கயிறு

மூன்றாம் நாட் காலையில் கரையில் ஒரு கூட்டத்தைக் கண்டோம். காபீத் என்னும் மீனவ மக்கள் 'ராபண்' இழுத்துக்கொண்டிருந்தனர். வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகு கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக இறக்கிவிட்டு, மறுமுனையுடன் கரைக்குத் திரும்பும். பின்னர் இரு புறமும் ஆட்கள் வரிசையாக நின்று, அடி அடியாகப் பின்னோக்கி நடந்து இழுப்பர். வலையும் படகும் பலருக்குப் பொது. கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வது மரபு. இது நம் கரைவலையேதான்! இழுக்கும்போது அவர்கள் எழுப்பிய குரலின் ஏற்ற இறக்கம், நம் மீனவர் பாடும் அம்பாப் பாட்டை எங்கள் காதுக்குள் கொண்டுவந்தது. மொழி வேறு, மூச்சு வாங்கும் இடம் ஒன்று.

எங்களுள் கணவர் சற்று நேரம் கைகட்டி நின்றார். அவருடைய தந்தையார் கரைவலை இழுத்தவர். மகனை மும்பைக்கு வண்டியேற்றிய அன்று, "இந்தக் கயிறு உன் கையில் படவே கூடாது, அதற்காகத்தான் அனுப்புகிறேன்" என்று சொன்னவர். அச்சொல்லை மகன் முப்பது ஆண்டுகள் காத்தார். அன்று மால்வண் கரையில், யாரும் அழைக்காமலே, வரிசையின் கடைசியில் போய் நின்று கயிற்றைப் பிடித்தார். மனைவியும் உடன் பிடித்தார். முன்னே நின்ற முதியவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தோம். மடி கரைக்கு வந்தபோது அதில் இருந்தவை ஒரு கூடைச் சாளையும், சில கானாங்கெளுத்தியும், நிறைய இழுது மீனுந்தான். அத்தனை பேர் உழைப்புக்கு அது மிகச் சொற்பம். எவரும் முகம் சுளிக்கவில்லை. வலையை உதறி மடிக்கத் தொடங்கினர். விடைபெறும்போது அம்முதியவர் இரண்டு கானாங்கெளுத்திகளை எடுத்து எங்கள் கையில் வைத்தார். பணம் கொடுக்க முயன்றோம். "கயிற்றைத் தொட்டவருக்கு அவருடைய பங்கு" என்று மறுத்துவிட்டார். எங்கள் ஊரிலும் தந்தையார் நாளில் இதே சொல் வழங்கியது.

மீன் குறைந்த காரணத்தை அவரிடம் கேட்டோம். அவர் கடலின் பக்கம் கையை நீட்டினார். இராபண் வலை, கரையருகே வரும் மீனையே நம்பியிருக்கிறது. சாளையும் கானாங்கெளுத்தியும் கூட்டமாகத் திரிபவை. இயந்திரப் படகுகள் அவற்றை ஆழ்கடலிலேயே சுருக்குமடி வலையால் வளைத்துவிட்டால், கரையில் நிற்போருக்கு மிஞ்சுவது கயிறு மட்டுமே. இரவில் வலிய மின்விளக்குகளைக் காட்டி மீனை ஈர்த்துப் பிடிப்பது இன்னும் கொடிது. மராட்டிய அரசு 2016இல் சுருக்குமடிக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. மின்விளக்கு மீன்பிடிப்பை மத்திய அரசு 2017இல் தடை செய்தது. ஆணை ஏட்டில் இருக்கிறது; கடலில் அதைக் காப்பதே பெரும்பாடு என்பது அம்முதியவர் பேச்சின் சாரம். நம் தமிழகத்திலும் இவ்வழக்கு உண்டு. அங்கே 2000இல் சுருக்குமடி தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாட்கள், பகலில் மட்டும் என்ற வரையறைகளுடன் இடைக்கால அனுமதி அளித்தது. சுருக்குமடிக்காரரும் கடன் பட்டுப் படகு வாங்கியவரே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு படகு ஓரிரவில் வளைப்பது, கரையில் ஒரு தெருவே பல நாள் பங்கிட்டு உண்ணக்கூடியதாகும்.

சந்தையும் சமையலும்

மாலையில் படகுகள் வந்ததும் கரையிலேயே ஏலம் நடக்கிறது. கூடைகளுக்குப் பின்னே அமர்ந்து விலை பேசுவோர் பெரும்பாலும் பெண்களே. அங்கே எங்களுள் மனைவிக்குத் தயக்கம் இருக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து, விலையைப் பாதியாகக் கேட்டார். விற்பவர் சிரித்தார், இவர் நம் இனம் என்று கண்டுகொண்ட சிரிப்பு அது. சென்னையார் வஞ்சிரம் என்பதை எங்கள் பக்கத்தில் சீலா என்போம். இவர்கள் சுர்மயி என்கின்றனர். நம் சாளை இங்கே தார்லி; கானாங்கெளுத்தி இங்கே பாங்க்டா.

கயிற்றின் பங்காகக் கிடைத்த இரண்டு மீன்களையும் ஆஜி குழம்பாக்கினார். தேங்காயும் மிளகாயும் நம் குழம்பைப் போலவே அரைபட்டன. புளிக்குப் பதிலாக உலர்ந்த கோகம் தோலும், மணத்துக்குத் 'திர்பள்' என்னும் காயும் சேர்ந்தன. உணவின் முடிவில் தேங்காய்ப்பாலில் கோகம் கரைத்த சோல்கடி வந்தது. இளஞ்சிவப்பு நிறம், வயிற்றுக்கு இதம். காலையில் 'காவண்' என்னும் மெல்லிய அரிசித் தோசை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்டினி. கண்ணை மூடிக்கொண்டு உண்டால் வீடுதான்.

கடல் நடுவே ஒரு கோட்டை

நான்காம் நாள் படகேறிச் சிந்துதுர்க் கோட்டைக்குச் சென்றோம். கரைக்கு எதிரே ஒரு பாறைத் தீவில் சிவாஜி மன்னர் 1664இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் எழுப்பிய கோட்டை இது. மதில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம் வளைந்து செல்கிறது. வாயில் மதிலின் மடிப்பில் மறைந்திருப்பதால், அருகே சென்றாலன்றி அதைக் காண இயலாது. சுற்றிலும் உப்பு நீர். உள்ளே மூன்று நன்னீர்க் கிணறுகள். பால், தயிர், சர்க்கரை என்று அவற்றுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். சில குடும்பங்கள் இன்றும் கோட்டைக்குள் வசிக்கின்றன.

உள்ளே சிவாஜி மன்னருக்கே ஒரு கோயில் இருக்கிறது. அவருடைய மகன் இராஜாராம் எழுப்பியது அது. மூலத் திருவுருவின் தலையில் மராட்டியத் தலைப்பாகை இல்லை. கடலோடி அணியும் தொப்பி இருக்கிறது. அதைக் கண்டு நெடுநேரம் நின்றோம். கடலை நம்பிக் கோட்டை கட்டிய மன்னரைக் கடலோடியாகவே வணங்குகின்றனர். அந்த இராஜாராம், மொகலாயர் படையெடுப்புக்கு ஒதுங்கி வந்து தங்கிய இடம் நம் செஞ்சி. 1690 முதல் 1698 வரை அது முற்றுகையில் இருந்தது. யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராட்டியர் வரலாற்றோடு இணைந்த 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. சிந்துதுர்க் உட்படப் பதினொன்று இம்மாநிலத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. நாம் பிறந்த மண்ணையும் பிழைக்க வந்த மண்ணையும் ஒரே பட்டியலில் காண்பது மகிழ்ச்சி தருகிறது.

செல்வோர் கவனத்துக்கு

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை நடப்பில் இருக்கும். மழைக் கொந்தளிப்பில் கோட்டைக்குப் படகும் செல்லாது. தார்கர்லிக் கரையில் நீர் விளையாட்டுகள் உண்டு. மிதவைச் சட்டை அணியாமல் எந்தப் படகிலும் ஏறவேண்டாம். இயன்றவரை மீனவர் வீடுகளில் தங்குங்கள். மீனைக் கரையிலேயே வாங்குங்கள். நாம் கொடுக்கும் பணம் கயிறு இழுக்கும் கைகளுக்கு நேரே போய்ச் சேரும். வலை இழுப்போரைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்; கயிற்றில் ஓர் இடம் கேட்பது அதனினும் நன்று.

ஊருக்குப் போவதை விட்டுவிடுமாறு நாங்கள் எவருக்கும் சொல்லவில்லை. பெற்றோரும் உற்றாரும் நமக்காகக் காத்திருக்கின்றனர், கடமை கடமையே. ஆனால் பல்லாண்டுகளாக உண்டு உறங்கும் மாநிலத்தின் கரையை ஒரு முறையேனும் கண்ணாரக் காணாமல் இருப்பதும், வாழ்க்கைத் துணையுடன் ஐந்து நாள் வேலையின்றி இருக்கத் தெரியாமல் போவதும் இழப்புகளே.

கடைசி இரவு ஊரில் உள்ள தாயாருக்குத் தொலைபேசியில் பேசினோம். வழக்கமாக அவர் கேட்பவை மூன்று: உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, எப்போது வருவீர்கள். கயிறு இழுத்த கதையைச் சொன்னதும் மறுமுனையில் சிறிது நேரம் ஓசை இல்லை. தந்தையார் சொல்லை மீறியதற்குக் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சினோம். பிறகு அவர், கரைக்காரி ஒருத்தி இன்னொரு கரைக்காரரிடம் கேட்பது போல, "மீன்பாடு உண்டா?" என்றார். முப்பது ஆண்டுகளில் அவர் எங்களிடம் அதைக் கேட்டது அன்றுதான் முதல் முறை.

வருகிற சித்திரையில் வழக்கம்போல ஊருக்குப் போகிறோம். அம்முறை ஒரு மாலையைக் கரைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். தாயாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.