ஐஸ்கிரீம் விற்ற பையன் மலை கட்டினார்!

அமெரிக்கா போய் வந்தவரிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டிஸ்னிலாந்து பார்த்தாச்சா?" என்பதுதான். அவரும் கோட்டை, ரயில், பேசும் கிளி, பாடும் பொம்மை என்று அடுக்குவார். போட்டோவையும் எடுத்து நீட்டுவார்.

அந்தக் கிளிக்கு இறகு ஒட்டியது யார்? பொம்மைக்குச் சட்டை தைத்தது யார்? இதைக் கேட்டால் விழிப்பார். அவர் மேல் தப்பில்லை. சினிமா என்றால் டைட்டிலில் தையல்காரர் பெயர் கூட வந்துவிடும். டிஸ்னிலாந்தில் எங்கே திரும்பினாலும் கொட்டை எழுத்தில் ஒரே பெயர்தான். அது முதலாளி வால்ட் டிஸ்னியின் பெயர்!

மற்றவர்கள் வயதான காலத்தில்தான் வாயைத் திறந்தார்கள். பேட்டிகளில் ஒவ்வொருவராகப் பழைய கதையைக் கொட்டினார்கள். கேட்டால், ஒரு பூங்கா எத்தனை பேருடைய ஆயுளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

சனி, ஞாயிறு வேலை

கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹெய்ம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. அதை வாங்கி அழித்துத்தான் பூங்கா கட்டினார்கள். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். ஆனால் தொடக்கத்தில் கையில் காசு இல்லை!

1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹெர்ப் ரைமேன் என்ற ஓவியருக்கு டிஸ்னியிடம் இருந்து போன். "உடனே வா" என்று அழைப்பு. திங்கட்கிழமை டிஸ்னியின் அண்ணன் நியூயார்க்குக்குப் பணம் கேட்கப் போகிறார். காட்டுவதற்கு ஒரு படம் வேண்டும். இடமே இல்லை, கட்டிடம் இல்லை. எதைப் பார்த்து வரைவது?

டிஸ்னி பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல, ரைமேன் வரைந்தார். இரண்டே நாளில் முழுப் பூங்காவும் காகிதத்தில் வந்துவிட்டது. டெலிவிஷன் கம்பெனி ஒன்று பணம் போட முன்வந்தது. அந்த இரண்டு நாள் வேலையில்தான் எல்லாம் ஆரம்பம்.

1955 ஜூலை 17-ந்தேதி திறப்பு விழா. கள்ள டிக்கெட்டில் கூட்டம் புகுந்தது. வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்பு புதைந்தது. குழந்தைகள் ஓட்டும் கார்கள் சில நாட்களிலேயே ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. அவற்றை வடிவமைத்த பாப் கர் என்ற 23 வயது இளைஞர், சொந்த டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரிப்பேர் பார்த்தார். அப்புறம் 1959-ல் ஓடிய மோனோ ரயிலும் இவர் கைவண்ணம்தான்.

ஸ்வெட்டரில் கிடைத்த விடை

ஹாரியட் பர்ன்ஸ் என்ற பெண்மணி டெக்சாஸ்காரர். 1955-ல் வேலைக்குச் சேர்ந்தார். மாதிரி கட்டிடம், மாதிரி பொம்மை செய்யும் பட்டறையில் அவர் ஒருவர்தான் பெண். மற்றவர்கள் எல்லாம் ஆண்கள்.

அம்மா சும்மா வரமாட்டார். கலருக்குக் கலர் பொருத்தமாக உடை, காலில் ஹை ஹீல்ஸ், கையில் உறை. அந்தக் கோலத்திலேயே ரம்பம், கடைசல் மிஷின் எல்லாம் ஓட்டுவார்!

1963-ல் திறந்த "டிக்கி ரூம்" என்ற பாடும் பறவைக் கூடத்துக்கு இவர்தான் இறகு வேலை. முதலில் அதை ஓட்டலாக நடத்தத்தான் யோசனை. சாப்பிடுகிறவன் தலைக்கு மேல் பறவை பாடும். பாட்டு முடிந்தாலும் எவன் எழுந்து போவான்? ஓட்டல் யோசனையைக் கைவிட்டார்கள்.

பறவைகள் தலையை ஆட்டும், வாயைத் திறக்கும். மூச்சு விடுவது போல் நெஞ்சும் ஏறி இறங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். நெஞ்சு அசையும்போது மேலே இருக்கிற இறகு உயிருள்ள பறவைக்கு இருப்பது போல் படியவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார், சரிப்படவில்லை.

ஒரு நாள் கூட்டத்தில் டிஸ்னி காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். பேசும்போது அவர் கையை மடக்கி நீட்டினார். பர்ன்ஸ் அவர் பேச்சைக் கவனிக்கவில்லை. முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடங்கும்போது துணி இழுபடாமல் கூடவே போகிறது. நீட்டினால் பழையபடி படிகிறது. அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது! அதே மாதிரி துணியைப் பறவை நெஞ்சுக்குப் போட்டார்கள்.

அதே கூடத்தின் மரச் சிலை போன்ற உருவங்களைச் செய்தவர் ரோலி கிரம்ப். படம் வரையும் பிரிவில் இருந்த மனுஷன். சிற்ப வேலை பழக்கமில்லை. பட்டறையில் இடமும் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் களிமண்ணைக் கொட்டி, கேன்டீன் பிளாஸ்டிக் முள்கரண்டியால் செதுக்கினாராம்!

இவர் விதி வேறு மாதிரி. நியூயார்க் உலகப் பொருட்காட்சி 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடந்தது. அங்கே 120 அடி உயரத்துக்கு, காற்றில் சுழலும் கோபுரம் ஒன்றை வடிவமைத்தார். பொருட்காட்சி முடிந்ததும் மற்ற பொருட்களை எல்லாம் கலிபோர்னியாவுக்குக் கொண்டு வந்தார்கள். கோபுரத்தைக் கொண்டுவரச் செலவு அதிகம். வெட்டிப் போட்டுவிட்டார்கள். கிரம்ப் 2023-ல் காலமானார்.

பாட்டு எழுதத் தெரியாதவர்

எக்ஸ் அட்டென்சியோ என்று ஒருவர். பெயரே வித்தியாசம். இவரும் படம் வரைகிறவர்தான். திடீரென்று ஒரு நாள் கடற்கொள்ளையர் காட்சிக்கு வசனம் எழுதச் சொன்னார் டிஸ்னி. அதுவரை ஒரு வரி வசனம் எழுதியவர் இல்லை. எழுதினார். பாட்டும் எழுதினார்!

படகில் போகிறவர்களுக்குப் பல கொள்ளையர்களின் குரல் ஒன்றோடொன்று கலந்து கேட்டது. வார்த்தை புரியவில்லையே என்று இவருக்குக் கவலை. டிஸ்னியோ அசரவில்லை. விருந்தில் நாலு பேர் பேசுவது அரைகுறையாகத்தானே காதில் விழுகிறது, மறுபடி வந்தால் மீதியைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றாராம். வியாபாரி மூளை!

1967 மார்ச்சில் அந்தக் காட்சி திறந்தது. டிஸ்னி அதைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் முன்பே, 1966 டிசம்பர் 15-ந்தேதி இறந்துவிட்டார்.

இரண்டு செட் துணி

அந்தக் கொள்ளையர்களுக்கு உடை தைத்தவர் ஆலிஸ் டேவிஸ். ஓவியப் பள்ளியில் படித்தவர். முதலில் பெண்களின் உள்ளாடை வடிவமைக்கும் தொழில்தான் பார்த்தார். கணவர் மார்க் டேவிஸ், டிஸ்னி கம்பெனியின் பெரிய கார்ட்டூன் ஓவியர். ஆலிஸ் படித்த பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்.

1964 நியூயார்க் பொருட்காட்சிக்கு உலக நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் செய்தார்கள். ஓவியர் மேரி பிளேர் வண்ணம் தீட்டிக் கொடுக்க, 150-க்கும் அதிகமான உடைகளை ஆலிஸ் பார்த்துக்கொண்டார். உடனே அடுத்த வேலை கொள்ளையர்கள். பால் மணம் மாறாத குழந்தைகளுக்குத் தைத்துவிட்டு, மறுநாளே கிழட்டுப் போக்கிரிகளுக்குத் தைக்கப் போனேன் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

இயந்திர பொம்மைக்குத் தைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது காலையில் கையை ஆட்டத் தொடங்கினால் ராத்திரி வரை ஆட்டும். துணி தேயும், எண்ணெய் படும். மெக்கானிக் உள்ளே கைவிட்டு வேலை பார்க்கவும் வழி வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியவும் கூடாது.

"எல்லாவற்றுக்கும் இரண்டாவது செட் வேண்டும்" என்று கேட்டார் ஆலிஸ். கணக்கு பார்க்கிற அதிகாரி சம்மதிக்கவில்லை. ஒரு செட்டுக்குத்தான் பணம் என்று கண்டிப்பு.

ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். ஆலிஸ் வாதாடவில்லை. ஒரு செட்டுக்கான எஸ்டிமேட்டிலேயே தொகையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். கையெழுத்தாகி வந்தது. அந்தப் பணத்தில் இரண்டு செட்டாகத் தைத்து, ஒன்றைச் சத்தமில்லாமல் பூட்டி வைத்தார்.

காட்சி திறந்து அதிக நாள் ஆகவில்லை. உள்ளே தீ விபத்து! உடைகள் பாழாயின. புதிதாகத் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று பதறிப்போய்க் கேட்டார்கள். ஆலிஸ் பீரோவைத் திறந்தார். பேட்டிகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது அவருக்கு ஒரே குஷி. அதற்குப் பிறகு இரண்டாவது செட் பற்றி யாரும் பேசவில்லையாம்.

இரண்டு வாரம், 27 வருஷம்

வாலி போக் என்ற காமெடி நடிகர் 1955-ல் இரண்டே வாரத்துக்கு ஒப்பந்தம் போட்டு வந்தார். பலூனை முறுக்கி மிருகம் செய்வார். அடி வாங்கி பல் உடைந்த மாதிரி, வாயில் இருந்து அவரையைத் துப்பிக்கொண்டே இருப்பார். 1982 வரை அதே மேடை, அதே வேடம். கிட்டத்தட்ட 40,000 தடவை! கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. டிக்கி ரூமில் பேசும் கிளி ஒன்றின் குரலும் இவர்தான்.

கூட நடித்தவர் பெட்டி டெய்லர். 1956-ல் சேர்ந்தவர், நெடுங்காலம் ஆடிப் பாடினார். வாலி போக் 2011 ஜூன் 3-ந்தேதி இறந்தார். மறுநாள் பெட்டி டெய்லரும் போய்விட்டார்.

இந்த மேடைக்குக் கீழே ஒரு பையன் தவறாமல் உட்கார்ந்திருப்பான். 1955-ல் பத்து வயது. பூங்கா வாசலில் 25 சென்ட் விலையில் வழிகாட்டிப் புத்தகம் விற்பான். புத்தகத்துக்கு 2 சென்ட் கமிஷன். அப்புறம் உள்ளேயே மேஜிக் சாமான் கடையில் விற்பனையாளர். கவுன்டரில் நின்றே வித்தை கற்றான், கூட்டத்தைச் சிரிக்க வைக்கக் கற்றான். வாலி போக்கின் காமெடி முழுக்க மனப்பாடம். அந்தப் பையன்தான் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். 2013-ல் கௌரவ ஆஸ்கார் வாங்கினார்.

டிராபிக்கில் பிறந்த மலை

இன்னொரு பையன் டோனி பாக்ஸ்டர். 1965-ல், 17 வயதில், டிஸ்னிலாந்தில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுக்கும் வேலை. படிப்பு முடிந்ததும் வடிவமைப்புப் பிரிவுக்குள் நுழைந்தார். 1979-ல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் மலை இவர் யோசனை. ஐஸ்கிரீம் விற்ற இடத்திலேயே மலை கட்டிவிட்டார் மனுஷன்!

1983-ல் ஒரு நாள் ஆபீசுக்குக் காரில் போனார். நெடுஞ்சாலையில் டிராபிக் ஜாம். நம்ம ஆட்களாக இருந்தால் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். பாக்ஸ்டர் மூன்று தலைவலிகளை மனதில் போட்டு உருட்டினார். பூங்காவில் ஒரு மூலைக்குக் கூட்டம் வருவதில்லை. எல்லோரும் கேட்கிற தண்ணீர்ச் சறுக்கல் இல்லை. இன்னொரு பக்கம், பாடும் மிருக பொம்மைகள் கொண்ட அரங்கம் ஈ ஓட்டுகிறது. மூன்றையும் சேர்த்தால்? அந்த மிருகங்களை எடுத்து, தண்ணீர்ச் சறுக்கல் மலைக்குள் உட்கார வைத்தால்?

1989-ல் "ஸ்பிளாஷ் மவுன்டன்" திறந்தது. கூட்டம் அலைமோதியது. 34 வருஷம் ஓடியது.

ஆனால் அதன் கதை 1946-ல் வந்த ஒரு டிஸ்னி படத்தில் இருந்து எடுத்தது. கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதம் தவறு என்று பல காலமாகக் கண்டனம். கண்டனம் நியாயமானதுதான். 2020-ல் கம்பெனி அறிவித்தது: கதையை மாற்றப் போகிறோம், கறுப்பின இளவரசி டியானா கதை வரப்போகிறது. அந்த வேலைக்கு ஆலோசகராக அறிவிக்கப்பட்டவர் டோனி பாக்ஸ்டர்! பெற்ற பிள்ளைக்குப் பெயர் மாற்ற அவரையே கூப்பிட்டார்கள். 2023 மே 31-ந்தேதி பழைய சவாரி மூடப்பட்டது. 2024 நவம்பரில் புதியது வந்தது. மலை இருக்கிறது, சறுக்கல் இருக்கிறது, கதைதான் வேறு.

கண்ணாடி உருண்டைக்குள் அம்மா

பேய் மாளிகையில், கண்ணாடி உருண்டைக்குள் ஒரு பெண்ணின் தலை மட்டும் மந்திரம் சொல்லும். 1969-ல் திறந்ததில் இருந்து அந்த முகம் லியோட்டா டூம்ஸ் என்ற பட்டறைப் பெண் தொழிலாளியுடையது. குரல் மட்டும் வேறு நடிகைக்குச் சொந்தம். முகம் பொருத்தமாக இருக்கிறது என்று கேமரா முன் உட்கார வைத்தார்கள்.

லியோட்டா 1991-ல் இறந்தார். மகள் கிம் இர்வின் அதே பூங்காவில் கலை இயக்குனர் ஆனார். பண்டிகைக் காலத்தில் மாளிகைக்கு அலங்காரம் மாற்றும்போது, உருண்டைக்குள் வரும் முகம் மகளுடையது. பண்டிகை முடிந்தால் மறுபடி அம்மா!

மாடி ஜன்னல்

பெயர் போர்டே கிடையாதா என்றால், ஒரே ஒரு வழி உண்டு. பூங்காவுக்குள் நுழைந்ததும் ஒரு கடைத்தெரு. அங்கே மாடி ஜன்னல் கண்ணாடிகளில் கம்பெனி விளம்பரம் போல் பெயர்கள் இருக்கும். பஞ்சு மிட்டாயைக் கடித்துக்கொண்டு போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அவை கற்பனைக் கம்பெனிகள், பெயர்கள் நிஜம். நெடுங்காலம் உழைத்தவருக்குத் தரும் மரியாதை அது.

ஹாரியட் பர்ன்சுக்கு 1992-ல் ஜன்னல் கிடைத்தது. ரிடையர் ஆகி ஆறு வருஷம் கழித்து. டோனி பாக்ஸ்டருக்கு 2013-ல்.

ஆலிஸ் டேவிஸ் காத்திருந்தார். கணவர் மார்க்குக்கு ஏற்கெனவே ஜன்னல் இருந்தது. அவர் 2000-ல் இறந்துவிட்டார். 2012-ல், 80 வயது தாண்டியபின் ஆலிசைக் கூப்பிட்டார்கள். திரையை விலக்கினார்கள். தையல் கம்பெனி விளம்பரம் போல் எழுதி, கீழே அவர் பெயர். கணவர் ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல்!