பிஜு பட்நாயக்: ஒரு விமானியின் அரசியல்

இந்திய அரசியலில் விமானம் ஓட்டியவர் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு முதலில் வருபவர் ராஜீவ் காந்தியே. ஆனால் அவருக்கு ஒரு தலைமுறை முன்பே சம்பளத்துக்கு விமானம் ஓட்டி, பின்பு தாமே ஒரு விமான நிறுவனத்தைத் தொடங்கி நடத்தி, அதன்பின் முதலமைச்சர் நாற்காலியிலும் அமர்ந்தவர் ஒடிசாவின் பிஜு பட்நாயக் (1916–1997). ஆளும் பண்டமும் வேண்டிய இடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற ஒரே கேள்விதான் இந்த மூன்று கட்டங்களிலும் ஓடியது. அவருடைய சாதனைகளும், அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் சிலவும், அதிலிருந்தே கிளைத்தவை.

கட்டாக்கில் பிறந்த அவர், ரேவன்ஷா கல்லூரிப் படிப்பைவிடப் பறத்தலில் நாட்டம் மிகுந்து டெல்லி பறத்தல் சங்கத்தில் பயிற்சி பெற்று, இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனத்தில் விமானியானார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை நெருங்கிய ரங்கூனிலிருந்து ஆங்கிலேயக் குடும்பங்களை மீட்டுவந்த அதே விமானி, 1942 போராட்டத்தின் தலைமறைவுத் தலைவர்களையும் விமானத்தில் ஏற்றிச் சென்றார் என்பது காலனி அரசுக்குத் தெரியவந்தபோது, சிறைக்குப் போக நேர்ந்தது.

விடுதலையை ஒட்டி அவர் தொடங்கிய கலிங்கா ஏர்லைன்ஸின் முதுகெலும்பு டகோட்டா. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, போர் முடிந்ததும் உபரியாகக் குறைந்த விலைக்குக் கிடைத்த இந்த இரட்டை எஞ்சின் விமானம், செப்பனிடாத மண் ஓடுதளத்திலும் இறங்கி ஏறக்கூடியது. 1947 ஜூலையில் டச்சுப் படைகள் இந்தோனேசியக் குடியரசைத் தாக்கியபோது, நேருவின் வேண்டுகோளை ஏற்று, தாமும் விமானியான மனைவி ஞானுடன் ஜாவாவுக்குப் பறந்த பட்நாயக், சற்றுமுன் பிரதமர் பதவியிலிருந்து விலகியிருந்த சுதான் ஷாரிரை டச்சுக் கண்காணிப்பை மீறி வெளியே கொண்டுவந்தார். ஷாரிர் அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு அவையில் தம் நாட்டுக்காக வாதாடினார். இந்தப் பறப்பு வீரக்கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. அதன் ஆபத்து எத்தகையது என்பதை ஜூலை 29 அன்று நடந்தது காட்டும். பட்நாயக்குக்குச் சொந்தமான வேறொரு டகோட்டா, விடி–சிஎல்ஏ என்ற பதிவெண் கொண்டது, சிங்கப்பூரிலிருந்து செஞ்சிலுவைச் சங்க மருந்துகளுடன் யோக்யகர்த்தாவை நெருங்கியபோது டச்சு விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட, அதிலிருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அந்த நாளை இந்தோனேசிய விமானப்படை இன்றும் நினைவுகூர்கிறது.

1953-இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானபோது, கலிங்கா உள்ளிட்ட எட்டு நிறுவனங்களின் சொத்துகள் இந்தியன் ஏர்லைன்ஸ் கழகத்துக்குப் போயின. குறித்த நேரத்தில், குறித்த தடத்தில் ஓடும் சேவைகளே அரசின் தனியுரிமை ஆயின. கேட்பவருக்குக் கேட்டபடி பறக்கும் வாடகைச் சேவை தனியாருக்கு எஞ்சியது. அந்த இடைவெளியில் கலிங்கா நிலைத்தது. வடகிழக்கு எல்லைப்புறத்தில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், சாலையே எட்டாத காவல் நிலைகளுக்கு உணவு மூட்டைகளை வானிலிருந்து போடும் பணி அதற்குக் கிடைத்தது. பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறந்து செய்ய வேண்டிய அந்த வேலை, எந்தப் பயணிகள் சேவையையும்விடக் கடினமானது.

1961 ஜூனில் அவர் முதலமைச்சரானார். ஒடிசாவின் உள்நாட்டு மலைகளில் இரும்புத்தாது குவிந்திருந்தும், அதைக் கப்பலேற்ற மாநிலத்துக்கென ஆழமான துறைமுகம் இல்லாததே வறுமைக்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். மத்திய அரசின் நிதிக்குக் காத்திராமல், மகாநதி முகத்துவாரத்தருகே பாரதீப்பில் மாநிலப் பணத்தையே கொண்டு அலைதடுப்புச் சுவர்களுடன் செயற்கைத் துறைமுகம் ஒன்றை எழுப்பவும், தைதாரி சுரங்கத்திலிருந்து கடற்கரைவரை தாது லாரிகளுக்கென விரைவுச் சாலை அமைக்கவும் முற்பட்டார். 1962 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். ஓர் ஏழை மாநிலம் இத்தனை பெரிய செலவைத் தலையில் ஏற்றிக்கொண்டது துணிச்சலா, கணக்குத் தெரியாத அவசரமா என்ற விவாதம் அன்றே எழுந்தது.

துறைமுகம் முடியும்வரை அவர் பதவியில் இல்லை. மூத்த தலைவர்கள் ஆட்சியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி, 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் விலகிய அதே நாளில் பட்நாயக்கும் விலகினார். அவர் குடும்பத்தோடு தொடர்புள்ள தொழில் நிறுவனங்கள் அரசு ஒப்பந்தங்களில் ஆதாயம் பெற்றதாகக் குற்றச்சாட்டுகள் கிளம்பின. 1967-இல் ஆட்சி மாறியபின் நீதிபதி கன்னா தலைமையில் விசாரணை ஆணையமே அமைந்தது. நினைத்ததை உடனே நடத்திவிடும் தொழிலதிபரின் பழக்கம், கோப்புகளின் வழியே நடக்க வேண்டிய அரசாங்கத்தில் எங்கே தவறாகும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை என்றே சொல்ல வேண்டும். பின்னர் காங்கிரஸை விட்டு விலகி, நெருக்கடி நிலையில் சிறையிருந்து, 1977-இல் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சராகி, 1990 முதல் 1995 வரை மீண்டும் முதலமைச்சராக இருந்தார்.

பாரதீப்போ 1966-இல் நாட்டின் எட்டாவது பெருந்துறைமுகமாக, அதாவது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள துறைமுகமாக, அறிவிக்கப்பட்டது. 2023–24 நிதியாண்டில் 14 கோடி டன்னுக்கும் அதிகமான சரக்கைக் கையாண்டு, காண்ட்லாவைப் பின்தள்ளிப் பெருந்துறைமுகங்களில் முதலிடம் பிடித்தது.