தவறு செய்தவர் யார் என்று கேளாத ஒரு தொழில்

1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி, அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த அரியலூரை அடுத்து, வெள்ளம் அரித்துவிட்ட மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்து, 140க்கும் மேற்பட்ட பிரயாணிகள் மாண்டனர். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே ராஜிநாமாச் செய்ய முன்வந்து, பிரதமர் நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அச்செயலின் மேன்மையை நாடு இன்றளவும் போற்றுகிறது. ஆயினும் பொறுப்பேற்பது வேறு. காரணத்தை ஆராய்ந்து, மறுமுறை நேராதபடி வேலையின் அமைப்பையே திருத்துவது வேறு.

இருளிலும் மழையிலும் விரையும் ஒரு வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம், முன்விளக்கின் ஒளியில் கண்ணுக்கு எட்டும் தூரத்தைக் காட்டிலும் அதிகமாகையால், பாதை அறுந்திருப்பதைக் கண்ட பிறகு நிறுத்துவதென்பது எத்தனை ஜாக்கிரதையான டிரைவருக்கும் அநேகமாக ஆகாத காரியம். ஆற்றின் நிலை யார் மூலமாக, எந்த அடையாளத்தால், எவ்வளவு தூரத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. மழைக்காலத்தில் கைவிளக்குடன் தண்டவாளத்தோடு ரோந்து நடக்கும் கேங்மேனும், அபாயம் கண்டால் அவர் தண்டவாளத்தின்மேல் வைக்கும் எச்சரிக்கை வெடியும் அதற்கு ரயில்வே கண்டிருக்கும் விடைகள். இவ்வகைக் கேள்விகளை முறையாக ஆராயும் சாஸ்திரம் மனிதக் காரணியியல். அதற்குள் கவனம், நினைவு, முடிவெடுத்தல் ஆகிய மனத்தின் காரியங்களுக்கு இசைவாக யந்திரத்தையும் வேலைமுறையையும் வகுக்கும் பகுதி அறிதிறன் பொறியியல்.

இச்சாஸ்திரம் வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்தில். பி-17 விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறக்கை மடிப்புகளை ஏற்றுவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டதை ஆராய்ந்த அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற மனோதத்துவ நிபுணர், ஒன்றையொன்று ஒத்த இரு விசைகள் அருகருகே இருந்ததே காரணம் என்று கண்டு, ஒன்றைச் சக்கர வடிவிலும் மற்றதை மடிப்பின் வடிவிலும் அமைக்கச் செய்தார். 1979இல் அமெரிக்காவின் திரீமைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. மூடும்படி ஆணை போயிற்று என்பதை மட்டுமே காட்டிய விளக்கை, வால்வு மூடிவிட்டதற்கு அத்தாட்சியாகக் கொண்ட ஊழியர்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறுவதை அறியாதிருந்தனர். அணு உலையின் மையம் ஓரளவு உருகியது.

இப்படிப்பட்ட விளக்குகள் அரியலூருக்கு அந்நியமானவை அல்ல. சுண்ணாம்புக்கல் 1,450 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் கிளிங்கராகும் சிமெண்ட் சூளையை, கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரைகளின் வழியாகவே ஆளும் ஊழியர், ஒரே சமயத்தில் ஒலிக்கும் பல எச்சரிக்கைகளுள் எதை முதலில் கவனிப்பது என்பது இத்துறையின் நேரடியான ஆராய்ச்சிப் பொருள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூரிலோ இத்துறையின் ஆராய்ச்சிக்குப் பூச்சிமருந்துப் புட்டியே போதும். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை குறைந்துவரும் வரிசையில் நிறக்குறி இடுவது சட்டம். பச்சையைக் கண்டவர் அதை விஷமே இல்லை என்று கொள்வாரா என்பது, வயலில் போய்க் கேட்டறியவேண்டிய விஷயம்.

உதவி லோகோ பைலட் உத்தியோகத்துக்கு மனுப்போடும் நம் இளைஞர்கள் ‘சைக்கோ டெஸ்ட்’ என்று அஞ்சும் பரீட்சையின் பின்னால் இருப்பது, லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ரயில்வே ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் மனோதத்துவப் பிரிவு. வேலைக்கேற்ற மனிதரைத் தேர்வது இத்துறையில் ஒரு பாதி. மனிதருக்கேற்ப வேலையை அமைப்பது மறுபாதி. பொறியியலிலிருந்தும் மனோதத்துவத்திலிருந்தும் இதற்கு வரலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளி, குவாஹாட்டி ஐ.ஐ.டி., பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகம் ஆகியவற்றின் வடிவமைப்பு மேற்படிப்புக்கு ‘சீட்’ என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் அறிதிறன் விஞ்ஞானத்துக்கெனத் தனித் துறை இருக்கிறது. டெல்லியிலுள்ள ராணுவ மனோதத்துவ ஆராய்ச்சி நிலையம், பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையம், மோட்டார் வாகனம், மருத்துவக் கருவி, கம்ப்யூட்டர் மென்பொருள் ஆகியவற்றைச் செய்யும் கம்பெனிகள் ஆகிய இடங்களில் இவ்வறிவுக்கு வேலை உண்டு.

பட்டத்தைக் காட்டிலும் முக்கியமானது, உழைப்பவர் அருகே நெடுநேரம் நின்று, விதிப்புத்தகம் சொல்வதையும் அவர் உண்மையில் செய்வதையும் ஒப்புநோக்கும் பொறுமை. நண்பகல் வெயிலில் மருந்தடிப்பவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டால், அஜாக்கிரதை என்று அவரைக் கண்டிப்பது எவர்க்கும் எளிது. அந்த வெயிலில் மூச்சு முட்டாமல் அணிந்திருக்கக்கூடிய கவசம் எப்படி இருக்கவேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கே இத்தொழிலில் சம்பளம்.