உப்புக்கு அஞ்சும் கூழ்
அந்தமான் கடலில் 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனத்துக்கு இயற்கை எரிவாயு தட்டுப்பட்டது. தீவின் கிழக்குக் கரையிலிருந்து 17 கி.மீ. தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணறு அது. அடுத்து எண்ணெயும் கிடைக்கலாம் என்பது நம்பிக்கை.

கிடைத்தாலும் அது பாதி வேலைதான். உலகெங்கும் கண்டுபிடித்த எண்ணெயில் பாதிக்கு மேல் பூமிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எண்ணெயைத் தள்ளச் செலுத்தும் தண்ணீர், பாறையின் அகன்ற பாதைகளில் புகுந்து சுலபமாக வெளியேறிவிடும். சிறு துளைகளில் எண்ணெய் அப்படியே இருக்கும். அந்தப் பாதைகளை அடைக்க வந்ததுதான் ஹைட்ரோஜெல் - தண்ணீரைக் குடித்து ஊதும் கூழ்.

மரவள்ளி அல்லது மக்காச்சோள ஸ்டார்ச்சுடன் அக்ரிலிக் பாலிமரை இணைத்து வலைபோல் பின்னினால் கூழ் தயார். 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'சூப்பர் ஸ்லர்ப்பர்' தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தண்ணீர் குடித்தது.

சிக்கல் உப்பில் இருக்கிறது. கடல் கிணறுகளில் பெரும்பாலும் செலுத்துவது கடல்நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் பட்டால் கூழ் சுருங்குகிறது. கடும் சூட்டில் ஸ்டார்ச் சிதைகிறது, பாக்டீரியாவும் தின்கிறது. பவளப்பாறைகள் நிறைந்த கடலுக்கு மக்கும் குணம் வரம். கிணற்றுக்குள் அதுவே பலவீனம். ஸ்டார்ச் மக்கினாலும் அக்ரிலிக் எளிதில் மக்குவதில்லை என்பது இன்னொரு கவலை.

சேலம் வட்டாரத்து மரவள்ளிக்கு இங்கே ஒரு சந்தை காத்திருக்கலாம். அதற்கு முன் கூழ் கடல்நீரில் தேற வேண்டும்.