வெட்டுப்புள்ளியின் இரு மருங்கிலும்

ஐந்தாந் தரப் புலமைப் பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், மலையகத்துப் பாடசாலை வாயில்களிலே சித்தியெய்திய சிறுவரின் படங்கள் பதாகைகளில் ஏறிவிடுகின்றன. பெற்றோர் பூரிக்கின்றனர், அதிபர் பெருமிதங் கொள்கிறார். மகிழவேண்டியதுதான். ஆயினும், ஓர் உபகாரச் சம்பளத் திட்டம் பயன் தந்ததா என்பதை அப்படங்களைக் கொண்டு அளந்துவிடலாமா?

1940களில் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் நிலைநாட்டியபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கவென்றே இப்பரிசில் வகுக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளோ அவ்வேற்பாட்டிற்குப் புறம்பாகவே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஒரு தலைமுறை பிந்தி ஓடத் தொடங்கிய சமூகத்துப் பிள்ளைக்கும் இன்று அதே வினாத்தாள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவது உண்மையே. ஆனால், ஒரே மாவட்டத்தினுள் அட்டன் நகரத்து வணிகரின் மகளையும், லயத்திலிருந்து மலைப்பாதையில் நடந்துவரும் கொழுந்து பறிப்பவளின் மகளையும் ஒரே கோடுதான் பிரிக்கிறது.

“பரிசில் பெற்றவருள் இத்தனை பேர் பல்கலைக்கழகஞ் சென்றனர்” என்று கூறுவதில் ஒரு மயக்கமுண்டு. பரிசிலின்றியும் அவர்களுட் பலர் சென்றிருக்கக் கூடும். கெட்டிக்காரரைத் தெரிந்தெடுத்துவிட்டு, அவர்தம் கெட்டித்தனத்தைத் திட்டத்தின் கணக்கில் வரவு வைப்பது நேர்மையன்று.

வேறு வழியொன்றுண்டு. வெட்டுப்புள்ளிக்கு ஓரிரு புள்ளிகள் மேலே நின்று பரிசில் பெற்ற பிள்ளைகளையும், ஓரிரு புள்ளிகளால் தவறவிட்டவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருசாராரின் திறமையிலும் வேற்றுமை மிகச் சொற்பம். ஆறாண்டுகளின் பின் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்? பரிசில் பெற்றோர் பெருமளவில் நிலைத்து, மற்றையோர் விலகியிருந்தால் திட்டம் வேலை செய்திருக்கிறது. இருசாராரும் ஒரேயளவில் விலகியிருந்தால், பணம் போதவில்லை. அல்லது தடை பணம் மட்டுமன்று. (பெயர்பெற்ற பாடசாலைக்கு மாறிச் சென்றவரைத் தனியே வைத்துப் பார்க்கவேண்டும். அவருக்குக் கிடைத்தது பணம் மாத்திரமல்லவே!)

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், மாதம் ரூபா 750 ஆக இருந்த இக்கொடுப்பனவை 1,500 ஆக உயர்த்த முன்மொழிந்தது. நல்லதே. ஆனால் பஸ் கட்டணம், சப்பாத்து, கொப்பி, ரியூசன் யாவும் அதற்குள் அடங்குமா? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலே நிறுத்தப்படும் மூத்த பெண்ணுக்கும், கொழும்புக் கடையொன்றிற்கு அனுப்பப்படும் பையனுக்கும் அத்தொகை என்ன விடை சொல்லும்?

இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் தொடர்புடைய பழைய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமும் உயர்தர மாணவருக்கு உதவி வருகிறது. அது போற்றத்தக்கது. எனினும் அவ்வுதவி கிட்டும் வாயிலை எட்டுமுன்னரே நின்றுவிடுவோர் பலர். எட்டியவருக்கும் தமிழில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை அருகிலே கிடைப்பதரிது.

உதவி வழங்குவோர் பெற்றவர் பெயரோடு, மயிரிழையில் தவறியவர் பெயரையும் ஆண்டுதோறும் விசாரிப்பாராக. இதற்குப் புதிய அலுவலகம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் வரவு இடாப்பு இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் வராமற் போனது என்பது அதிலேயே தெரியும்.