மேட்ச் யாருக்குச் சொந்தம்?

"மாமா, நம்ம கேபிள்ல தூர்தர்ஷன் வருது. ஆனா இந்தியா ஆடற மேட்ச் மட்டும் அதுல வரமாட்டேங்குது. ஊர்ல பாட்டி வீட்டுல இலவச டிஷ் வெச்சிருக்காங்க, அதே தூர்தர்ஷன்ல மேட்ச் வருதாம். அது எப்படி?"

பக்கத்து வீட்டுப் பையன் கேட்ட கேள்வி இது. சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வேண்டுமானால் முப்பது வருடத்துக்கும் மேலான கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு காலத்தில் தூர்தர்ஷனை விட்டால் வேறு டி.வி. கிடையாது. யார் ஆடினாலும் அவர்கள் காட்டினால்தான் உண்டு. 1993-இல் கல்கத்தாவில் நிலைமை மாறியது. ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்திய வங்காள கிரிக்கெட் சங்கம், ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டிலிருந்து சிக்னலை மேலே அனுப்ப 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்று வாதம் எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் சச்சின் கடைசி ஓவரை வீசி இந்தியாவை ஜெயிக்க வைத்தாரே, அதே போட்டித் தொடர்தான்.

1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சாவந்த், நம் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகன், ஜீவன் ரெட்டி ஆகியோர் அளித்தது. வானலைகள் பொதுச் சொத்து. அவற்றை அரசாங்கம் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பொது நலனுக்காக அவற்றை ஒழுங்குபடுத்தப் பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். இதற்குப் பிறகு விளையாட்டு வாரியங்கள் உரிமையைத் தனியாருக்கு விற்பது சகஜமாகிவிட்டது. பணம் கொட்டியது. ஆனால் கேபிள் வசதி இல்லாத கிராமத்து வீட்டில் டி.வி. இருந்தும் மேட்ச் இல்லை என்ற நிலையும் வந்தது.

இந்தச் சிக்கல் 2004-இல் வெடித்தது. இந்திய அணி பாகிஸ்தான் போனது. ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸ் கையில். ரசிகர்கள் வழக்குத் தொடுத்தது எங்கே தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றத்தில்! தூர்தர்ஷனுக்கும் சிக்னல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உச்ச நீதிமன்றம் அதை ஒரு நிபந்தனையோடு அனுமதித்தது. டென் ஸ்போர்ட்ஸின் சின்னம், விளம்பரங்களோடு அப்படியே காட்ட வேண்டும். பிரசார் பாரதி 50 கோடி ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்றது.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவு அணி இங்கு வந்தபோது மறுபடியும் தகராறு. தூர்தர்ஷனில் மேட்ச் ஏழு நிமிடம் தாமதமாக ஓடியது. பக்கத்து வீட்டில் 'அவுட்' என்று கத்திய பிறகு நம் வீட்டில் பந்துவீச்சாளர் ஓடி வருவார்! ஒவ்வொரு தொடருக்கும் கோர்ட்டுக்குப் போவது சரிப்படாது என்று அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு அதே வருடம் முறையான சட்டமும் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான். 'தேசிய முக்கியத்துவம் உள்ள' விளையாட்டு என்று அரசு அறிவித்தவற்றை, உரிமை வாங்கியவர் விளம்பரம் இல்லாத நேரடி சிக்னலாகப் பிரசார் பாரதிக்கும் அதே நேரத்தில் தர வேண்டும். அதை வைத்து வரும் விளம்பர வருமானத்தில் டி.வி.க்கு 75 பங்குக்குக் குறையாமல் உரிமையாளருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. வானொலி வர்ணனை என்றால் பாதிக்குப் பாதி. ஒலிம்பிக்ஸ், ஆசியப் போட்டிகள், இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள் ஆட்டங்கள், இருபது ஓவர் ஆட்டங்கள், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் இவையெல்லாம் பட்டியலில் உண்டு. ஐ.பி.எல். கிடையாது.

அப்படியென்றால் பையனின் வீட்டில் ஏன் வரவில்லை? இங்கேதான் முடிச்சு. 1995-ஆம் வருடத்துக் கேபிள் சட்டப்படி, கேபிள்காரர் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஆகவே மேட்ச் சிக்னல் தூர்தர்ஷன் வழியாக எல்லாக் கேபிள் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. 'இலவசமாகவே கிடைத்தால் எங்கள் சேனலுக்கு யார் சந்தா கட்டுவார்கள்?' என்று கிரிக்கெட் வாரியமும் ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் வழக்காடின. 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. பகிர்ந்துகொண்ட சிக்னலைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும், தன் சொந்த டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம். கேபிளுக்கும் தனியார் டிஷ்ஷுக்கும் கொடுக்கக் கூடாது. மொட்டைமாடி ஆன்டெனாவுக்கான பழைய தரைவழி நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டபடியால், மிஞ்சியது டி.டி. ஃப்ரீ டிஷ் ஒன்றுதான். டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. பாட்டி வீட்டில் மேட்ச் வருவதும், மாதாமாதம் காசு கட்டும் நம் வீட்டில் அதே சேனலில் வராததும் இதனால்தான்.

தனியார் கம்பெனிகள் பிடிவாதம் பிடிப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? அந்தப் பணத்தில்தான் மைதானங்களும் ஆட்டக்காரர் சம்பளமும் நடக்கின்றன. ஆனால் தேசத்தின் பெயரில் ஆடும் அணியைப் பார்க்க ஏழை வீட்டுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதும் நியாயமே. இரண்டு நியாயத்துக்கும் நடுவே போட்ட கோடுதான் 2007-ஆம் வருடச் சட்டம்.

இன்று அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு புது வாசல் திறந்திருக்கிறது. சட்டம் பேசுவது கேபிள், டிஷ், வானொலி பற்றி. மேட்சோ இப்போது செல்ஃபோனுக்குப் போய்விட்டது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்தை ஜியோசினிமா ஃபோனில் இலவசமாகவே காட்டியது. ஆனால் அது வியாபார முடிவு. நாளைக்குச் சந்தா என்றால் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஃபோனைத் தடவிப் பார்க்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பெரிய உதவியும் இல்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ் வர்ணனை கேட்க வேண்டுமானால் தனியார் தமிழ் விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா கட்ட வேண்டியதுதான். இந்தி வர்ணனை ஆனாலும் பரவாயில்லை, மேட்ச் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீ டிஷ் போதும்.

பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வானலை பொதுச் சொத்துன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க, அப்போ இன்டர்நெட்?" என்றான். அதற்குத்தான் இன்னும் சட்டம் எழுதவில்லை.